ஜன்னலுக்குப் பதிலாக வந்த சாமான்கள்

என் கணவர் சமையலறைக்கென்று வாங்கி வந்த சாமான்களை வரிசையாக அடுக்கி வைத்தால் ஒரு சின்னக் கடையே போடலாம். வாங்கியவர் அந்த அறையில் ஒரு வேளைகூட உட்கார்ந்து சமைத்தவர் இல்லை. கதவு தாழ்வானது, குனிந்து வர வேண்டும், அவருக்கு முதுகு வலிக்கும். நான் அவரிடம் கேட்டதோ ஒன்றே ஒன்றுதான். அடுப்புக்கு மேலே, சுவரில், ஒரு முழ அகலத்துக்கு ஒரு ஜன்னல்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. பிறந்த ஊர் சிங்காரப்பேட்டை. வாழ்க்கைப்பட்டது சூளகிரியில் பெங்களூர் ரோட்டை விட்டு இறங்கி இரண்டு மைல் நடந்தால் வரும் ஊர். எங்கள் பிறந்த வீட்டில் அடுப்புக்கு எதிரே பெரிய ஜன்னல் உண்டு. குழம்பு கொதிக்கும்போது முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். இங்கே முதல் நாள் சமையலறைக்குள் காலை வைத்ததும் யாரோ விளக்கை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அப்போது காலை பதினோரு மணி. நான்கு மண் சுவர், ஒரு குட்டைக் கதவு, மேலே நாட்டு ஓடு. ஓட்டின் அடியிலும் மூங்கிலிலும் விரற்கடை கனத்துக்குக் கரி படிந்திருந்தது. புகை வெளியேற ஒரே வழிதான் இருந்தது. அது என் மூக்கு.

என் மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். கடைசி மூன்று வருடம் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லையாம். தடவித் தடவித்தான் களி உருட்டுவாராம். "வயசாயிடுச்சு, அதான்" என்றார்கள். என்ன வயது என்று கேட்டேன். நாற்பத்தாறு என்றார்கள். ஆறு மாதத்தில் என் கண்களும் காலையில் பீளை கட்டி ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தன. ஊசியில் நூல் கோர்க்க வெயிலுக்கு எழுந்து போக வேண்டியிருந்தது. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாமியாரின் கணக்குப்படி எனக்கு இன்னும் எத்தனை வருடம் கண் தெரியும் என்று அடுப்பை ஊதிக்கொண்டே யோசிப்பேன்.

கணவரிடம் கேட்டேன். "ஏங்க, இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வெச்சா என்னாங்க?"

"அந்தப் பக்கம் களம் இருக்குது. போறவன் வர்றவன் கண்ணெல்லாம் களிப் பானை மேல படும். கண்ணு பட்டா களி கட்டி தட்டிப்போயிடும். எங்க வூட்டுல எப்பவும் அப்படித்தான்" என்றார்.

ராகிக் களி எங்களுக்குத் தினப்படிச் சோறு. அரிசி அமாவாசைக்கும் விருந்தாளிக்கும். களி கட்டி தட்டுவது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயம் இல்லை; அதைச் சொல்லியே ஒரு பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு. இருந்தாலும் கட்டி தட்டுவது கிண்டுகிறவள் கையால் என்றுதான் என் அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள். களத்தில் நடந்து போகிறவன் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருப்பது இங்கே வந்துதான் தெரிந்தது. "உங்கப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க" என்றேன். "நேரம் பாத்துச் சொல்றன்" என்றார். மாமனாரோ பகலெல்லாம் அந்தச் சுவருக்கு வெளிப்புறம், களத்து ஓரத்தில் போட்டிருந்த கல் பலகையில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருப்பார். மாலையில் மகனும் போய்ப் பக்கத்தில் உட்காருவார். இருவருக்கும் நேரத்துக்கு என்ன பஞ்சம்? மழை, மாடு, புளி, அடுத்த ஊர்ப் பங்காளிச் சண்டை எல்லாம் பேசுவார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இருமிக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். என் ஜன்னலுக்கு மட்டும் நேரம் வரவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் சாமான்கள் வந்தன.

என் கணவர் மாதம் ஒரு முறை புளி ஏற்றிக்கொண்டு பெங்களூர் மண்டிக்குப் போவார். திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்து ஒரு கையில் பையும் மறு கையில் மார்போடு அணைத்த ஒரு பொட்டலமும் இறங்கும். முதலில் வந்தது மண்ணெண்ணெய் பம்பு ஸ்டவ். "இது வந்தாச்சுன்னா புகையே கிடையாது, உன் கண்ணுக்குத்தான் வாங்கினன்" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. பித்தளை பளபளவென்று இருந்தது. அவர் பம்பு அடித்தார், ஊசி குத்தினார், கரண்டியால் ஸ்பிரிட் ஊற்றினார், புருவத்தைக் கொஞ்சம் பொசுக்கிக்கொண்டார். நீல நெருப்பு இரைந்துகொண்டு எழுந்தது. அழகு என்றால் அழகு. நான் வாய்விட்டே சொன்னேன்.

மறுநாள் அதன் மேல் களிப் பானையை வைத்தேன். களி கிண்டுவது டீ ஆற்றுகிற வேலை இல்லை. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டி வெந்ததும் துடுப்பைப் போட்டு, தோள் வலிக்க, இடுப்பு வலிக்கக் கிண்ட வேண்டும். பானை சுழலாமல் இருக்க அதன் கழுத்தில் ஒரு கவைக்கோலைக் கொடுத்துக் காலால் மிதித்துக்கொள்வோம். மூன்று மெல்லிய கால்களில் நிற்கும் ஸ்டவ் அதற்கு ஈடு கொடுக்குமா? நான் ஒரு சுற்று கிண்டினால் அது ஒரு சாண் நகர்ந்தது. நான் விடாமல் கிண்ட, அது இரைந்துகொண்டே கதவு வரைக்கும் போய் அங்கே சாய்ந்தது. நல்ல வேளை, களிதான் கொட்டியது, தீ பிடிக்கவில்லை. அன்றைக்கு மிஞ்சிய களியில் மண்ணெண்ணெய் வாடை. "நீ ரொம்ப வேகமா கிண்டுற" என்றார் என் கணவர். அதற்குப் பிறகு ஸ்டவ் கூடத்துக்குப் போயிற்று. விருந்தாளி வந்தால் அவரே அதைப் பற்றவைத்துக் காட்டுவார். காப்பி நான் போட்டதாக இருக்கும், விறகடுப்பில்.

அடுத்து எலுமிச்சம்பழம் பிழியும் இடுக்கி. எனக்குக் கை இருந்ததால் அது தேவைப்படவில்லை. மாமனார் அதைக் கொட்டைப்பாக்கு உடைக்க எடுத்துக்கொண்டார். இரண்டாவது பாக்கில் அதன் தாடை கழன்றது. அப்புறம் மேசை விளிம்பில் திருகி மாட்டும் தேங்காய்த் துருவி. எங்கள் வீட்டில் மேசை கிடையாது. பெட்டிக்குள் வந்த இங்கிலீஷ் காகிதத்தை என் கணவர் விரலால் தடவிப் படித்து, "மேசை வாங்கிட்டா சரியாப் போயிடும்" என்றார். பிறகு முட்டை அடிக்கும் சக்கரம். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு கூடு ஒன்றுக்குள் ஒன்று சுழலும். இதை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். யாரும் பார்க்காதபோது அதைத் தயிர்ப் பானைக்குள் விட்டுப் பார்த்தேன். மத்தில் அரை நாழிகை எடுக்கிற வெண்ணெய் மளமளவென்று திரண்டது. சின்னப் பிள்ளை போலச் சும்மாவும் சுற்றிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் நாலு சாமான் வந்திருக்கும், ஜன்னல் இன்னும் நாலு வருடம் தள்ளிப் போயிருக்கும்.

ஐந்தாம் வருடம் குக்கர் வந்தது. இப்போதைய விசிலடிக்கும் குக்கர் இல்லை. ஆள் முழங்கால் உயரத்துக்கு ஒரு பித்தளை உருளை. அடியில் கரி போட ஒரு சின்ன அடுப்பு. உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்குப் பாத்திரம். அரிசி, பருப்பு, காய் எல்லாவற்றையும் அடுக்கி மூடிவிட்டுப் போனால் ஆவியில் தானே வெந்துவிடும். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைக்காரம்மா படம். சலவை கலையாத உடை, குதிகால் உயர்ந்த செருப்பு, அடுப்படியில் நின்று சிரிக்கிறாள்.

"பாத்தியா, புகையே இல்ல" என்றார் என் கணவர்.

நான் படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். "அந்தம்மாவுக்குப் பின்னால ஜன்னல் இருக்குதுங்க. திரை போட்டு."

"அது படத்துக்காக" என்றார்.

அந்த வாரம் எங்களுக்கு ராகி அறுப்பு. பன்னிரண்டு ஆள். விடிந்ததும் வயலில் இறங்குவார்கள். பத்து மணிக்குக் களத்தில் அவர்களுக்குக் களி தயாராக இருக்க வேண்டும். அது எங்கள் பக்கத்து வழக்கம். கூலியைப் பற்றிக்கூடப் பிறகு பேசிக்கொள்வார்கள், களி தாமதமானால் அரிவாள் கீழே போய்விடும். வானம் வேறு மூட்டமாக இருந்தது. முற்றிய கதிர் நனைந்தால் முளைத்துவிடும். இப்படிப்பட்ட நாளைத்தான் என் கணவர் குக்கருக்குத் தேர்ந்தெடுத்தார்.

"பெரிய பானை வேண்டாம், விறகு வேண்டாம். நாலு அடுக்குலயும் மாவும் தண்ணியும் வெச்சா நாலு களி. ரெண்டு ஈடு எடுத்தா எல்லாருக்கும் ஆச்சு. இன்னையோட இந்த அடுப்புக்கு வேலை முடிஞ்சுது" என்றார். முடிந்ததைக் கொண்டாட அடுப்பைச் சாணி போட்டு மெழுகிக் கோலமும் போடச் சொன்னார். போட்டேன்.

ஆவியில் மாவும் தண்ணீரும் தாமாகக் கிண்டிக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊர் எட்டு வயதுப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. நடக்கட்டும், களத்தில் பத்துப் பேர் முன்னால் அவமானப்படட்டும், அப்போதாவது இந்தச் சாமான் பைத்தியம் தெளியும் என்று இருந்துவிட்டேன். அதில் எனக்கு ஒரு குரூரமான சந்தோஷம்கூட இருந்தது. அவமானத்தின் செலவைப் பசித்த வயிற்றோடு வருகிறவர்கள் கொடுப்பார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை. அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பத்து மணிக்கு ஆட்கள் களத்தில் வந்து உட்கார்ந்தார்கள். என் கணவர் குக்கரைத் தாமே தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தார். மூடியைத் திறந்ததும் ஆவி எழும்பியது. ஆட்கள் மரியாதைக்குக் கொஞ்சம் பின்வாங்கினார்கள். அடுக்குகளைக் கவிழ்த்தார். மேலே கஞ்சித் தண்ணீர் ஓடியது. அடியில் கரும்பழுப்பில் ஒரு வட்டக் கட்டி விழுந்தது. ஆட்களுக்கு மூத்தவளான ஒருத்தி, எப்போதும் அறுப்பில் முதல் நிரை பிடிக்கிறவள், அதைக் கையில் எடுத்து இரண்டாகப் பிட்டாள். உள்ளேயிருந்து பச்சை மாவு புகையாகப் பறந்து அவள் மடியில் கொட்டியது.

அவள் சிரிக்கவில்லை. கட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏம்மா, இது என்னாது? களிக்குள்ள மாவ வெச்சுக் கொழுக்கட்ட புடிச்சிருக்கீங்களா?"

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவன் தெலுங்கில் ஏதோ சொன்னான், சிரிப்பு இன்னும் கூடியது. என் கணவர் காகிதத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்தார். எங்கே பிழை என்று தேடுகிறாராம். மாமனார் கல் பலகையிலிருந்து எழுந்து நின்று வானத்தைப் பார்த்தார். தூறல் இரண்டு சொட்டு விழுந்தது. ஆட்களில் இரண்டு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். பக்கத்து ஊரிலும் அறுப்புதான், அங்கே களி கிண்டித்தான் போடுவார்கள்.

உள்ளே ஓடினேன். அடுப்பு மெழுகிய ஈரம் காயாமல் கோலத்தோடு லட்சணமாக இருந்தது. பெரிய பானையையும் துடுப்பையும் கவைக்கோலையும் தூக்கிக்கொண்டு களத்துக்கே வந்தேன். அந்த மூத்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். "கல்லு வையுங்கடி" என்றாள். மூன்று கல் வந்தது, காய்ந்த துவரைமாறு வந்தது, தீ மூண்டது. தண்ணீர் கொதித்தது. மாவைக் கொட்டினேன். வெந்ததும் கவைக்கோலை மிதித்துக்கொண்டு துடுப்பைப் போட்டேன். பன்னிரண்டு ஆளும், என் கணவரும், மாமனாரும், வழியில் புளி மூட்டையோடு போய்க்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரரும் சுற்றி நின்று பானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கண்ணும் அதன் மேல்தான்.

நான் அதுவரை திறந்த வெளியில் களி கிண்டியதே இல்லை. காற்று புகையை எடுத்துக்கொண்டு போயிற்று. பானைக்குள் என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கிண்டினேன். கையை நனைத்து உருட்டிப் போட்டேன், கொள்ளுக் கடைசலை ஊற்றினேன். மாமனாருக்கும் அங்கேயே கொடுத்தேன். அவர் விரலால் உருண்டையைத் துழாவித் துழாவிக் கட்டி தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. மூன்று உருண்டை சாப்பிட்டார். ஆட்கள் மழைக்கு முன்னால் அறுப்பை முடித்தார்கள்.

மறுநாள் காலையில், ஐந்து வருடத்தில் முதல் முறையாக, மாமனாரிடம் நானே பேசினேன். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டுதான். என் கணவரும் அங்கே இருந்தார்.

"மாமா, நேத்து களி கட்டி தட்டுச்சுங்களா?"

"இல்லம்மா, நல்லா இருந்துது."

"அத்தனை பேரு கண்ணும் பட்டுதுங்களே. இனி அடுப்பு மேல ஒரு ஜன்னல் வெச்சுக்கலாங்களா?"

அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டார். "அது களத்துல கிண்டினது. வூட்டுக்குள்ள கிண்டுறது வேற" என்றார்.

நான் என் கணவரைப் பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை பேசுவார் என்று அப்போதும் நம்பினேன். முழங்கால் உயரப் பித்தளையை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்த மனிதர்தானே? அப்பாவைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல முடியாதா? அவர் தொண்டையைக் கனைத்தார். "பெங்களூர்ல புகைய இழுத்து வெளிய தள்ளுற காத்தாடி வந்திருக்குதாம். அடுத்த தடவை போறப்ப பாக்கறன்" என்றார். எங்கள் ஊருக்கு அப்போது கரண்டு வந்திருக்கவில்லை.

அந்தக் காத்தாடியை வாங்க அவர் பஸ் ஏறிய நாளில் மாமனார் சந்தைக்குப் போயிருந்தார். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தேன். மண் சுவர் பார்க்கத்தான் பெரிசு. முதல் குத்தில் கரி உதிர்ந்தது, அடுத்து வைக்கோல் கலந்த மண், அதற்கப்புறம் சின்னச் சின்னக் கல். ஒரு கல் அந்தப் பக்கம் விழுந்ததும் வெளிச்சம் உள்ளே வந்தது. நான் அப்படியே அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். பிறகு எழுந்து ஒரு முழ அகலம் வரும்வரை இடித்தேன். அந்த வீட்டுச் சமையலறைக்கு எத்தனையோ சாமான் வந்தது. எனக்கு உபயோகப்பட்டது கடப்பாரைதான்.

சாயங்காலம் மாமனார் வந்தார். ஓட்டையைப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

"நான்தாங்க மாமா. அடைச்சா மறுபடியும் இடிப்பன்" என்றேன். கடப்பாரையை என் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தேன். "அவன் வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கல் பலகையில் போய் உட்கார்ந்தார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன். இத்தனை வருடம் என் மூக்கைத் தவிர வேறு வழி தெரியாத புகை, வழி கிடைத்ததும் நேராக வெளியே போயிற்று. வெளியே அதற்கு எதிரே கல் பலகை. மாமனார் இரும ஆரம்பித்தார். நகர்ந்து உட்கார்ந்தார். காற்றும் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்து என் கணவர் காத்தாடிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஓட்டை வழியாக என்னை எட்டிப் பார்த்தார்.

"என்னா இது, இவ்ளோ புகையா வரும்?" என்று கேட்டார். கிண்டலில்லை. நிஜமான ஆச்சரியம்.

நான் களியைக் கிண்டிக்கொண்டிருந்தேன்.

கல் பலகை இரண்டு ஆள் நகர்த்த முடியாத கனம். தலைமுறையாக உட்காரும் இடத்தை விட்டு மாமனார் எழுந்து போவதாக இல்லை. மூன்று நாள் தந்தையும் மகனும் அங்கே இருமினார்கள். நான்காம் நாள் காலையில் சூளகிரியிலிருந்து கொத்தனார் வந்து நின்றார். ஓட்டையைச் சீராக்கி ஜன்னல் வைத்து, அடுப்புக்கு மேலே கூரைக்கு வெளியே போகும்படி ஒரு புகைபோக்கியும் கட்டினார். கண்ணு படுவதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன திடீரென்று புகைபோக்கி என்று ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் என் கணவர் ஒரே பதிலைத்தான் சொன்னார். "அப்பாவுக்குப் புகை ஒத்துக்கலீங்க."